வயது: பூஜ்யம்

மார்ச் 3, திங்கள்

கவுண்டரில் நூல் கட்டி வைத்த பேனாவை இன்று யாரோ நூலோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். பதினொரு வருடமாகக் குழந்தைகள் காது மருத்துவமனையில் பதிவு எழுதுகிறேன். நூலைக்கூட விட்டுவைக்காத ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அது சின்னச் செய்தி. பெரிய செய்தி, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

ஆன்லைன் பதிவு செய்து தருவதாக ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். கழுத்தை இறுக்கும் டை. டாக்டரம்மா அறையில் படம் படமாகக் காட்டினார். பழைய படிவக் கட்டுகளை எடுத்துவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டதால் நானும் அரை மணி நேரம் ஓரமாக நின்றேன். தினமும் படிவம் வாங்குகிறவள் நான். என்னிடம் அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆறு மாதம் ஆகும் என்றார்.

"நான் செஞ்சு காட்டட்டுமா டாக்டர்?"

என் குரல்தான் அது. எனக்கே திக்கென்றது. நாற்காலி பேசியதைப் போலக் கம்பெனிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்றார் டாக்டரம்மா.

"நாலு மாசமா வெப்சைட் செய்யற பி.எச்.பி. மொழி படிக்கிறேன் டாக்டர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்ரல் ஏழு, காட்டுங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம். ஆனா ஒண்ணு. பெத்தவங்க ஒருத்தர் உங்க படிவத்தால திரும்பிப் போனாலும் கம்பெனிதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மார்ச் 4

ஏன் சொன்னேன்? ஏன்?

மார்ச் 8, சனி

கொழுந்தன் வந்திருந்தான். பத்து வருடமாக மென்பொருள் வேலை. அவன் கழித்துக் கட்டிய லேப்டாப்பில்தான் நான் படிக்கிறேன். அதில் ஆங்கில 'பி' பொத்தானின் மூடி இல்லை, அடியில் இருக்கும் ரப்பர் மொட்டை நகத்தால் குத்த வேண்டும். பி.எச்.பி. படிக்க வந்தவளுக்கு 'பி' இல்லாத லேப்டாப். என் ராசி அப்படி.

"அண்ணி, ஊரே எங்கயோ போயிட்டிருக்கு, நீங்க இன்னும் பி.எச்.பி.லயே இருக்கீங்க."

"ஊரு போகட்டும் தம்பி. எனக்கு ஒரு படிவம் போதும்."

"ஒரு மாசத்துலயா? எங்க ஆபீஸ்ல இதுக்கு நாலு பேர் உக்காந்து மூணு தடவ டீ குடிப்போம்."

"டீயக் குறைச்சா ஒருத்தரே முடிச்சுடலாம்" என்றேன். அவர் – வீட்டுக்காரர் – பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக். வாயால் பேசுவது குறைவு, தோள் குலுங்கினால் சிரிப்பு என்று நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வேலை செய்தது! காலை ஐந்தே முக்காலுக்கு, எல்லோரும் எழுவதற்கு முன்பே!

ஒரே ஒரு பெட்டி, பெயர் எழுத. 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். அழுத்தினேன். அடுத்த பக்கத்தில் "வணக்கம்" என்று போட்டு, பக்கத்திலேயே என் பெயர்.

மறக்காமல் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நான் ஒரு பெயர் வைக்கிறேன். அனுப்பியதும், எழுதியதெல்லாம் அந்தந்தப் பெயர்ச் சீட்டோடு 'போஸ்ட்' என்ற பைக்குள் வந்து விழுகிறது. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்பது என் நிரலின் வேலை. கவுண்டரில் பதினொரு வருடமாக நான் செய்வதும் இதுதான். இதைப் போய் எவ்வளவு பயமுறுத்தினார்கள்!

அவரை எழுப்பிக் காட்டினேன். "உன் பேருதான் உனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மார்ச் 20, வியாழன்

பெட்டிகள் ஏழு. குழந்தை பெயர், வயது, பெற்றோர் பெயர், போன், எந்தக் காது, யார் அனுப்பினார்கள். ஏழாவது டாக்டரம்மா விரும்பிக் கேட்டது: "குழந்தை எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறது?" காகிதப் படிவத்திலும் அது உண்டு, நான் ரசித்துப் படிக்கும் ஒரே கேள்வி. போன வாரம் ஒரு அப்பா எழுதியிருந்தார்: "பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் மட்டும்." டாக்டரம்மா அதற்கு அடியில், "காது நன்று" என்று எழுதிவிட்டார்.

பெட்டி காலியாக இருந்தால் உலாவியே தடுத்துவிடும், ஒரு சொல் சேர்த்தால் போதும் என்று பாடத்தில் இருந்தது. சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்திலேயே, அதை நம்பாதே, யாரும் கழற்றிவிடலாம், உன் நிரலிலும் சோதனை வை என்று எழுதியிருந்தது. நியாயம்தான். வாசலில் காவலாளி இருக்கிறார் என்று நான் கவுண்டரை விட்டு எழுந்து போகிறேனா?

பெயர்ப் பெட்டியில் வெறும் இடைவெளியைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது! பெயரே இல்லாத பிள்ளையைப் பதிந்துகொண்டது. 'ட்ரிம்' என்று ஒரு கட்டளை இருக்கிறதாம், முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நறுக்கிவிடும். போட்டேன். இப்போது பிடித்துவிட்டது.

மார்ச் 26, புதன்

ஒரு பெட்டியில் தப்பு இருந்தால் ஏழு பெட்டியும் காலியாகித் திரும்ப வருகிறது. கவுண்டரில் நான் அப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள். எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும், தப்பான இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பில் ஒரு வரி வர வேண்டும். பென்சிலால் வட்டம் போட்டு, "இங்க மட்டும் பாருங்கம்மா" என்று சொல்வேனே, அதேதான்.

இரண்டு நாள் ஆனது. வந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

இன்று எழுதியதை நினைத்து எனக்கே கர்வமாக இருக்கிறது. ஏழு பெட்டிக்கும் ஏழு சோதனை எழுதாமல், ஒரு வளையத்துக்குள் எல்லாவற்றையும் வரிசையாக விட்டு, 'எம்ப்டி' – காலியா? – என்று ஒரே கேள்வி. காலி என்றால் "நிரப்பவும்". மூன்றே வரியில் ஏழு பெட்டிக்கும் காவல்.

மாலையில் கொழுந்தன் வந்து உடைத்துப் பார்த்தான். பெயர்ப் பெட்டியில் ஏதோ நிரல் எழுதினான், பக்கத்தையே கவிழ்க்குமாம். நான் அதைத் திரையில் காட்டுமுன் வெறும் எழுத்தாக மாற்றி வைத்திருந்தேன், அசடு வழிய அப்படியே நின்றது. வயதில் இருநூறு போட்டான். மைனஸ் மூன்று போட்டான். "யானை" என்று எழுதினான். எல்லாவற்றுக்கும் சிவப்பு. அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தால் ஒரே பிள்ளை இரண்டு தடவை பதிவாகும் என்று காத்திருந்தான். பதிந்ததும் வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறேனே, ஏமாந்தான்.

"அண்ணி, எங்க ஆபீஸ்ல சேந்துடுங்க."

"டீ மூணு தடவையா?"

அண்ணனைப் பார்த்து, "எப்படிண்ணே சமாளிக்கிற?" என்றான். தோள் குலுங்கியது.

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மா தன் கையாலேயே நிரப்பிப் பார்த்தார். வேண்டுமென்றே போன் நம்பரில் ஒரு எண்ணை விட்டார். சிவப்பு வந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. "நல்லாருக்கே!" என்றார். அந்த 'கே'யில் இருந்த வியப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், போகட்டும்.

நாளை முதல் ஓடும். நேரில் வருகிறவர்களுக்கு இந்த மாதம் காகிதம். பிரசவ ஆஸ்பத்திரி, பிரசவத்தின்போதோ தடுப்பூசிக்கு வரும்போதோ காது சோதனைக்கு எழுதிக் கொடுத்தனுப்பும் சீட்டில் இனி என் படிவத்தின் முகவரி அச்சாகும். கைக்குழந்தைகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறார்கள். பச்சை உடம்புக்காரி வந்து என் கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டாம், படுத்த இடத்திலிருந்தே பதியலாம். சீட்டில் இருந்த கவுண்டர் போன் நம்பரை எடுத்துவிடச் சொன்னேன். இனி எதற்கு?

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று ஒரு போன்கூட வரவில்லை. என் படிவத்துக்கு ஜே!

ஏப்ரல் 23, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் சோதனை அறைப் பெண் வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டாள். தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய குழாய் வைத்துச் சோதிப்பது அவள் வேலை. "என்னக்கா, இந்த வாரம் ஒரு கைக்குழந்தைகூட வரல? ஊர்ல எல்லாரும் பெரிய மனுஷங்களாவே பொறக்கறாங்களா?"

சிரித்தேன். சிரித்துவிட்டு, சும்மாதான் பட்டியலைத் திறந்தேன். அறுபத்து மூன்று பதிவு. வயது இரண்டு, ஐந்து, ஒன்று, ஒன்று, நாலு, ஒன்று... பூஜ்யமே இல்லை. ஒன்றுகூட இல்லை. கவுண்டரில் வருவதில் பாதி மடியில் இருக்கும், எனக்குத் தெரியாதா? போன வாரம்வரை வந்த குழந்தைகளெல்லாம் பழைய காகிதத்தில் தேதி வாங்கியவை.

படிவத்தைத் திறந்தேன். வயதுப் பெட்டிக்கு மேலே என் வாசகம்: "ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 0 எனப் போடவும்." 0 போட்டேன். அனுப்பினேன்.

"வயதை நிரப்பவும்."

திரும்பவும் போட்டேன். "வயதை நிரப்பவும்."

அடக் கடவுளே. நானே போடச் சொல்லி, நானே நிரப்பலன்னு திட்டிட்டிருக்கேன்! ரெண்டு வாரமா!

அந்த எம்ப்டி. பெட்டியில் 0 இருந்தால், அதுவும் காலிதான் என்கிறதாம். பாடத்தில் ஓரமாக எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. கர்வப்பட்டேனே, அந்த மூன்று வரி. கொழுந்தன் யானையெல்லாம் விட்டுப் பார்த்தான், ஒரு பூஜ்யம் போட்டுப் பார்க்கவில்லை. அவனைச் சொல்லி என்ன? அவன் மடியில் கைக்குழந்தையோடு யாரையும் பார்க்கிறதில்லை. நான் தினம் பார்க்கிறேன்.

ஒரு வயதுக்குக் கீழே என்றால் பத்து நாளில் சோதனை. ஒன்று என்று போட்டால் பெரிய பிள்ளைகள் வரிசை, இரண்டு மாதம் ஆகும். பிறந்த மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பேச்சு வருவதற்கு முன்பே காதுக் கருவி வைத்துப் பழக்கலாம் என்று டாக்டரம்மா எல்லாப் பெற்றோரிடமும் சொல்லுவார். என் காதாலேயே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது. நான் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்குமே தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

காலை நான்கரைக்கு எழுந்து திருத்தினேன். எம்ப்டியை வயதுப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, நறுக்கிய பின் ஒன்றுமே இல்லையா என்று நேராகக் கேட்டேன். மறுபடி 0 போட்டேன். இப்போது, "சரியான எண் போடவும்" என்றது! எண்தானா என்று பார்க்கும் அடுத்த சோதனை, சரி பார்த்து 0-வைத் திருப்பித் தருகிறது, நான் அந்த 0-வையும் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே குழியில் இரண்டு தடவை. தப்பான எண்ணுக்கு அது தரும் 'பொய்' என்ற பதில்தானா, வேறெதுவும் இல்லையே என்று மூன்று சமக்குறி போட்டுக் கேட்க வேண்டுமாம். போட்டேன். 0 போனது. மைனஸ் மூன்று, யானை, இருநூறு, வெற்றிடம் எல்லாம் மறுபடி விட்டுப் பார்த்தேன். நின்றன.

பிறகு கவுண்டரில் போனை எடுத்தேன். 'ஒன்று' என்று பதிந்தவர்கள் பதினேழு பேர். ஒவ்வொருவரிடமும் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். பதினொரு பேருக்கு ஒரு வயது ஆகவே இல்லை. ஒரு அம்மா பயந்தே போனாள். "நாலு தடவ ஜீரோ போட்டேங்க, நிரப்பு நிரப்புன்னே சொல்லுச்சு. அதான் ஒண்ணுன்னு போட்டேன். பொய் சொல்லிட்டேன்னு தேதிய எடுத்துடாதீங்க."

"பொய் சொன்னது நீங்க இல்லம்மா" என்றேன்.

பதினொரு பேருக்கும் அடுத்த வாரத்துக்குள் தேதி கொடுத்தாயிற்று. சோதனை அறைப் பெண் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தாள்.

ஆனால் நாலு தடவை போட்டுப் பார்த்து, ஐந்தாவது தடவை மூடிவிட்டுப் போனவர்கள்? தப்பாக வந்ததை நான் சேமிக்கவே இல்லை. அவர்கள் பட்டியலில் இல்லை. எங்குமே இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் இவரிடம் கேட்டேன், சொல்லவா வேண்டாமா என்று. "பிரேக்ல தப்பு பண்ணா, பஸ் டெப்போவ விட்டுப் போனப்புறமும் போன் பண்ணிச் சொல்லுவோம்" என்றார். அவ்வளவுதான். இருபது வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியங்களில் ஒன்று.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். முகம் மாறியது. "யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான் டாக்டர்."

"யாரோட தப்பு?"

"அதுவும் நான்தான்."

"திரும்பிப் போனவங்க எத்தனை பேரு?"

"தெரியல. கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடிங்க. மே ஏழுக்கு கம்பெனிக்காரரையும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். குரலில் சூடும் இல்லை, ஈரமும் இல்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். மூன்று டம்ளர்.

ஏப்ரல் 28, திங்கள்

பிரசவ ஆஸ்பத்திரி வார்டு நர்ஸிடம் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டை இருக்கிறது! பொழுது விடிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் சீட்டைப் படிக்க, நான் என் பட்டியலில் தேடினேன். ஐந்து பேர் பதியவே இல்லை.

ஐந்து பேருக்கும் பேசினேன். நாலு பேர் வருகிறார்கள். ஐந்தாவது எண் எடுக்கவில்லை. சீட்டில் விலாசம் இருந்தது, நேரில் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் கடை. மெஷின் தடதடவென்று ஓடுகிறது, அதற்கு ஒரு முழம் தள்ளிக் கூடையில் ஆறு வாரக் குழந்தை தூங்குகிறது. அசைவே இல்லை.

"ஆறு தடவ போட்டுப் பாத்தேன்க்கா. இவ்ளோ சின்னப் புள்ளைய எடுத்துக்க மாட்டீங்க போலன்னு விட்டுட்டேன்" என்றாள் தையல்காரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. அங்கேயே அவள் போனில் படிவத்தைத் திறந்து நிரப்பச் சொன்னேன். வயது 0. ஒரே தடவையில் போனது. ஏழாவது பெட்டியில் கொஞ்சம் யோசித்து எழுதினாள்: "மெஷின் ஓட்டினாலும் எழுந்திரிக்காது. சமத்து."

திரும்பியதும் சீட்டில் போன் நம்பரை மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். படிவத்தில் சிவப்பு வரும் இடத்திலெல்லாம், "சரியாகப் போட்டும் போகவில்லையா? கூப்பிடுங்கள்" என்று கவுண்டர் எண்ணைப் போட்டிருக்கிறேன்.

மே 7, புதன்

கம்பெனிக்காரர் அதே டையோடு வந்தார். அவருடைய மாதிரிப் படிவம் அழகு, பொய் சொல்ல மாட்டேன். நிறமென்ன, நகர்வதென்ன. எல்லாம் முடிந்து, "ஏதாவது கேட்கணுமா?" என்று டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க கேளுங்க."

"பொறந்து பத்து நாள் ஆன குழந்தையப் பதிஞ்சு காட்டுங்க சார்" என்றேன்.

வயதுக்கு ஒரு பட்டியல் விரிந்தது. மேலே நகர்த்தினார். மறுபடி மேலே நகர்த்தினார். ஒன்றிலிருந்துதான் ஆரம்பம். "அது... அப்புறமா சேத்துக்கலாம் மேடம்" என்றார்.

"எங்ககிட்ட வர்றதுல பாதி ஜீரோதான் சார்" என்றேன். வேண்டுமென்றே மரியாதையாகச் சொன்னேன்.

அவர் போனதும் டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் திரும்பிப் போனாலும் கம்பெனிதான்னு சொன்னேன். அஞ்சு பேர் போனாங்க."

"ஆமா டாக்டர்."

"அஞ்சு பேரையும் தேடிக் கூட்டிட்டு வந்தீங்க. அவரோட படிவம் அத செய்யாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்களோடதே ஓடட்டும். அடுத்த படிவம் எதையும், எனக்குக் காட்டுறதுக்கு முன்னாடி சோதனை அறைப் பொண்ணுகிட்டக் காட்டுங்க."

வீட்டில் சொன்னேன். கொழுந்தனுக்கு வீட்டுக்காரரே போன் போட்டார்! "உங்க அண்ணி படிவம்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பெருமை. இதில் என்ன வெட்கம், பெருமைதான்.

மே 30, வெள்ளி

தையல்காரியின் குழந்தைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. மூன்று முறை சோதித்து உறுதி செய்தார்கள். அவள் கவுண்டருக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சமத்துன்னு நெனச்சேன்க்கா."

காதுக் கருவிக்கு இன்றே அளவெடுத்தாயிற்று. குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. நேரத்தோடு வந்துவிட்டது என்கிறார் டாக்டரம்மா. ஒன்று என்று போட்டிருந்தால்? வராமலே இருந்திருந்தால்? நினைக்கக் கூடாது என்று எழுதும்போதே நினைக்கிறேன்.

ஜூன் 18

லேப்டாப்புக்கு 'பி' மூடி வாங்கி வந்து மாட்டியிருக்கிறார் வீட்டுக்காரர், சொல்லாமல் கொள்ளாமல். பழக்கதோஷம், இன்னும் நகத்தால்தான் குத்துகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் மழை, கவுண்டரில் கூட்டம் இல்லை. மறுபார்வைக்கு வருகிறவர்களுக்கும் இப்போது என் படிவம்தான், அதே ஏழு பெட்டி. பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கும் ஒன்று வேண்டுமாம், அரைவாசி எழுதியாயிற்று. முதலில் பூஜ்யம் போட்டுத்தான் சோதித்தேன்.

பத்தரைக்குத் திரையில் ஒரு பதிவு வந்தது. தையல்காரி. எல்லாப் பெட்டியும் சரி.

வயது: 0.

குழந்தை எந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறது?: நான் கூப்பிட்டா.

நாலு தடவை படித்தேன். பிறகு அவளுக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்தேன்.